முதல் தகைவிலான் வந்த தேதி

நம்ம ஊர்ல குளிர்னா மார்கழி, தை. கோலம் போடுற நேரத்துல ஒரு சால்வை போதும், அதோட முடிஞ்சது. இங்கிலாந்துக்காரங்க கதை வேற. மார்ச் வந்தா வசந்தம்னு காலண்டர் சொல்லும், வெளிய போனா பல்லு கிட்டும். காலையில புல்லு மேல உறைபனி, மதியம் ஒரு மணி நேரம் வெயில், சாயங்காலம் ஆலங்கட்டி மழை. ஏப்ரல்ல பிளாக்தார்ன் முள்செடி வெள்ளையா பூத்து நிக்கும்போது திடீர்னு குளிர் திரும்பி வரும். அதுக்கு 'பிளாக்தார்ன் குளிர்காலம்'னே ஒரு பேரு வச்சிருக்காங்க.

இந்த ரெண்டுங்கெட்டான் பருவத்துல பூட்ஸ மாட்டிக்கிட்டு வயக்காடு, தோப்பு, ஆத்தங்கரைனு நடந்து, என்ன பறவை வந்திருக்கு, எந்தத் தவளை முட்டை போட்டிருக்குன்னு பாக்கறது அந்த ஊர்ல ஒரு பெரிய பழக்கம். சும்மா பாக்கறதோட விடாம தேதி போட்டு எழுதியும் வைக்கிறாங்க. இந்தப் பழக்கம் எப்படி வந்தது, அதனால என்ன பிரயோஜனம்? அதுதான் இன்னிக்குப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க மக்களே :)

27 அறிகுறிகள்

நார்ஃபோக் மாவட்டத்துல ஸ்ட்ராட்டன் ஸ்ட்ராலெஸ்னு ஒரு கிராமம். அங்க ராபர்ட் மார்ஷம்னு ஒரு நிலக்கிழார். 1708ல பிறந்தவர், மரம் வளர்க்கறதுல பைத்தியம். 1736ல ஒரு நோட்டுப் போட்டு எழுத ஆரம்பிச்சார். எழுதினது ரொம்ப சாதாரண சமாச்சாரம். ஸ்னோட்ராப் பூ என்னிக்குப் பூத்தது. தவளை என்னிக்குக் கத்த ஆரம்பிச்சது. ரூக்னு சொல்ற காக்கா வகை என்னிக்குக் கூடு கட்டத் தொடங்கிச்சு. மஞ்சள் வண்ணத்துப்பூச்சி முதல்ல என்னிக்குக் கண்ணுல பட்டது. ஓக், பீச், பிர்ச், எல்ம் ஒவ்வொண்ணும் என்னிக்கு இலை விட்டது. தகைவிலான், குக்கூ, நைட்டிங்கேல் எல்லாம் என்னிக்கு வந்து சேர்ந்தது.

இப்படி மொத்தம் 27 அறிகுறிகள். ஒரு வருஷம், ரெண்டு வருஷம் இல்லைங்க. 1797ல சாகற வரைக்கும், அறுபது வருஷம் இந்த வேலைய விடல. 1789ல ராயல் சொசைட்டியோட சஞ்சிகையில ஒரு அட்டவணையா வெளியிட்டார். அவர் போனதுக்கு அப்புறம் பிள்ளை, பேரன்னு தலைமுறை தலைமுறையா அந்தக் குடும்பம் எழுதிக்கிட்டே வந்தது. நடுவுல சில வருஷம் விட்டுப்போனாலும் 1958 வரைக்கும் ஓடிச்சு. ஒரே குடும்பம், ஒரே ஊரு, இருநூறு வருஷத்துக்கு மேல. நம்ம வீட்டுல பால் கணக்கு நோட்டே ரெண்டு மாசத்துக்கு மேல தாங்கறதில்ல!

இதுல ஒரு சுவாரசியம். இங்கிலாந்து 1752ல காலண்டர மாத்திச்சு. செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. பதினொரு நாள் காணாமப் போச்சு. அதனால மார்ஷமோட பழைய தேதிகள இன்னிக்கு எடுத்து ஒப்பிடறவங்க, 1752க்கு முந்தின எதுக்கும் பதினொரு நாள் கூட்டிக்கணும். காலண்டர மாத்தறது மனுஷன் வேலை. ஓக் மரத்துக்கு அதெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு சூட்டைப் பாத்து இலை விடும்.

செல்போர்ன் பாதிரியார்

மார்ஷமோட அட்டவணை வந்த அதே 1789ல இன்னொரு புத்தகமும் வந்தது. எழுதினவர் கில்பர்ட் வைட், ஹாம்ப்ஷையர்ல செல்போர்ன்ங்கிற கிராமத்துல உதவிப் பாதிரியார். ஊருக்குப் பின்னாடி பீச் மரக் காடு அடர்ந்த ஒரு செங்குத்துச் சரிவு. அதுல ஏறிப்போக 1753ல தம்பியோட சேர்ந்து வளைஞ்சு வளைஞ்சு ஒரு பாதை வெட்டினார். அந்தப் பாதை இன்னிக்கும் இருக்கு, ஜனங்க ஏறிக்கிட்டுதான் இருக்காங்க. அந்தப் பக்கத்துல நடந்து திரிஞ்சு பார்த்ததை எல்லாம் தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன்னு ரெண்டு பேருக்குக் கடிதமா எழுதினார். அந்தக் கடிதங்கள்தான் 'செல்போர்னின் இயற்கை வரலாறு'ங்கிற அந்தப் புத்தகம்.

வைட்டோட ஸ்பெஷாலிட்டி காது. அந்தக் காலத்துல 'வில்லோ ரென்'னு ஒரே பேர்ல சொல்லிக்கிட்டிருந்த சின்னப் பச்சைக் கதிர்க்குருவி உண்மையில ஒண்ணு இல்ல, மூணு வேற வேற இனம்னு பாட்டை வச்சுப் பிரிச்சவர் அவர். அதுல ஒண்ணு சிஃப்சாஃப். அது பாடறதும் அதேதான்: சிஃப், சாஃப், சிஃப், சாஃப். இலையில்லாத கிளையில உக்காந்துக்கிட்டு மார்ச் நடுவுல அது கத்த ஆரம்பிச்சா, குளிர் இருந்தாலும் வசந்தம் வந்தாச்சுன்னு அர்த்தம். மூணும் பாக்கறதுக்கு ஏறக்குறைய அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கும். கதிர்க்குருவிகளோட மல்லுக்கட்டின நம்ம பறவை நண்பர்களுக்கு அந்தக் கஷ்டம் புரியும்.

1790ல மார்ஷம் வைட்டோட புத்தகத்தைப் படிச்சிட்டுக் கடிதம் போட்டார். ஒருத்தருக்கு எண்பது தாண்டியாச்சு, இன்னொருத்தருக்கு எழுபது. 1793 ஜூன்ல வைட் இறக்கற வரைக்கும் ரெண்டு பேரும் மரத்தைப் பத்தியும் பறவையைப் பத்தியும் எழுதிக்கிட்டே இருந்தாங்க. கடைசி வரைக்கும் நேர்ல பாத்துக்கவே இல்ல. பதிவெழுதிப் பழக்கமான நமக்கெல்லாம் இது ரொம்பத் தெரிஞ்ச நட்புதானே!

தகைவிலான் எங்க போகுது?

அந்தக் காலத்துப் பெரிய கேள்வி இதுதான். தகைவிலான் ஏப்ரல்ல வருது, செப்டம்பர் அக்டோபர்ல மாயமாகுது. எங்க போகுது?

பதில் சொன்னவங்க ஏராளம். 1555ல ஸ்வீடன்காரர் ஒலாஸ் மாக்னஸ், வடக்கு நாட்டு மீனவங்க வலையில தகைவிலான் கொத்துக் கொத்தா சிக்குதுன்னு எழுதினார். அதாவது குளிர்காலத்துல ஏரித் தண்ணிக்கு அடியில போய்த் தூங்குதாம். பதினேழாம் நூற்றாண்டுல சார்ல்ஸ் மார்ட்டன்னு ஒருத்தர், பறவையெல்லாம் சந்திரனுக்குப் போயிட்டு வருதுன்னார். சிரிக்காதீங்க. உலகத்துச் செடிகொடிக்கும் ஜீவராசிகளுக்கும் பேர் வச்ச லின்னேயஸே தண்ணிக்கடித் தூக்கத்தை நம்பினவர்தான். கைப்பிடியில அடங்கற ஒரு குருவி கடலும் பாலைவனமும் தாண்டிப் போகும்னு நம்பறது அவங்களுக்கு அதை விடக் கஷ்டமா இருந்திருக்கு.

வைட் இதுல ரெண்டு மனசுல இருந்தார். அவர் தம்பி ஜான் ஜிப்ரால்ட்டர்ல பாதிரியாரா இருந்தார். அங்க வசந்தத்துலயும் இலையுதிர் காலத்துலயும் தகைவிலான் கூட்டம் கூட்டமா ஜலசந்தியைக் கடக்கறதை அண்ணனுக்கு எழுதியிருக்கார். ஆனா செல்போர்ன்லயே நவம்பர்ல, எல்லாம் போனதுக்கு அப்புறம், ஒரு சின்னக் கூட்டம் மார்ட்டின் (தகைவிலானோட பங்காளி) சரிவு ஓரமா பறக்கறதை வைட் கண்ணால பாத்திருக்கார். இவ்வளவு லேட்டா இங்க இருந்தா, இதெல்லாம் இங்கயே எங்கயோ பொந்துல தூங்குமோன்னு ஒரு சந்தேகம். அவர் வீட்டுல வளர்ந்த டிமோத்திங்கிற ஆமை வேற வருஷா வருஷம் நவம்பர்ல மண்ணைத் தோண்டி உள்ள போய் ஏப்ரல்ல எழுந்து வரும். ஆமையால முடியும்னா குருவியால முடியாதா? (டிமோத்தி உண்மையில பெண் ஆமைன்னு பின்னாடிதான் தெரிஞ்சது. அதோட ஓடு இன்னும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துல இருக்கு.)

1781 ஏப்ரல் 11. குளிர் கொஞ்சம் தணிஞ்ச ஒரு நாள். அந்தக் கூட்டத்தைக் கடைசியா பாத்த சரிவுக்கு வைட் ஆட்களைக் கூட்டிக்கிட்டுப் போனார். புதரை வெட்டி, வேரைப் பெயர்த்து, பொந்து பொந்தா தேடச் சொன்னார். ஒண்ணும் கிடைக்கல. ஆனா ஆளுங்க வெட்டிக்கிட்டு இருக்கும்போதே, அந்த வருஷத்தோட முதல் மார்ட்டின் ஊருக்குள்ள பறந்து வந்தது. நேரா ஒரு பழைய கூட்டுக்குள்ள போச்சு, கொஞ்ச நேரம் இருந்துச்சு, வீட்டுக் கூரைங்க மேல பறந்து போயிடுச்சு. அப்புறம் 16ந் தேதி வரைக்கும் ஒண்ணையும் காணோம்.

எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். மண்ணுக்குள்ள தேடிக்கிட்டிருக்காங்க, பதில் தலைக்கு மேல பறந்து போகுது. அதையும் மறைக்காம எழுதி வச்சார் பாருங்க, அதுதான் வைட். தன் சந்தேகத்துக்குச் சாதகமா இல்லாத சாட்சியையும் தேதி போட்டு எழுதினதாலதான் 230 வருஷம் கழிச்சும் அந்தப் புத்தகத்தை நம்பி எடுக்க முடியுது.

கேள்விக்கு முழு பதில் கிடைக்க இன்னும் 131 வருஷம் ஆச்சு. 1909ல ஹாரி விதர்பி தன்னோட பத்திரிகை மூலமா பறவைக் காலுல நம்பர் போட்ட வளையம் மாட்டற திட்டத்தைத் தொடங்கினார். 1911 மே மாசம் ஸ்டாஃபோர்ட்ஷையர்ல சீடில்ங்கிற ஊர்ல ஜான் மேஸ்ஃபீல்ட்னு ஒரு வக்கீல், தன் வீட்டுல கூடு கட்டியிருந்த ஒரு தகைவிலானுக்கு வளையம் மாட்டினார். 1912 டிசம்பர்ல அது தென்னாப்பிரிக்காவுல நேட்டால்ல ஒரு பண்ணை வீட்டுக்குள்ள பிடிபட்டது. பண்ணைக்காரர் வளையத்துல இருந்த முகவரிக்குக் கடிதம் போட்டார். பூமத்திய ரேகைக்கு அந்தப் பக்கம்! ஏரியும் இல்ல, நிலாவும் இல்ல.

துப்பாக்கியிலேர்ந்து தொலைநோக்கிக்கு

அப்போ 'பறவை பாக்கறது'ன்னா பெரும்பாலும் சுட்டுப் பாக்கறதுதான். மூணு கதிர்க்குருவியையும் ஒப்பிட வைட்டும் அப்படித்தான் மேஜையில வச்சுப் பாத்தார், அவரைக் குறை சொல்லிப் பயனில்ல. நல்ல தொலைநோக்கி கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டுல இது எல்லை மீறிப் போச்சு. கையில செத்த பறவை இல்லேன்னா நீ பாத்ததா சொல்றதை யாரும் ஏத்துக்க மாட்டாங்க. போதாக்குறைக்கு பேஷன். கொண்டை முக்குளிப்பானோட தலைச் சிறகும் நெஞ்சுத் தோலும் சீமாட்டிங்க தொப்பிக்கும் கைக்கதகதப்புக்கும் போய், 1860கள்ல அந்தப் பறவை பிரிட்டன்ல கிட்டத்தட்ட துடைச்சு விட்ட மாதிரி ஆயிடுச்சு.

இதை எதிர்த்து நின்னது பெண்கள். 1889ல மான்செஸ்டர் பக்கம் டிட்ஸ்பரியில எமிலி வில்லியம்சன் சிறகு அணியறதுக்கு எதிரா ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதே வருஷம் க்ராய்டன்ல எலைசா பிலிப்ஸ் வீட்டுலயும் அதே நோக்கத்தோட ஒரு கூட்டம் கூடிச்சு. ரெண்டும் ஒண்ணாகி வளர்ந்ததுதான் இன்னிக்கு இருக்கற பெரிய பறவைப் பாதுகாப்பு அமைப்பு, ஆர்.எஸ்.பி.பி. சிறகு இறக்குமதியைத் தடுக்கற சட்டம் 1921ல வந்தது. முப்பத்திரண்டு வருஷப் போராட்டம். 1901ல எட்மண்ட் செலௌஸ் 'பறவை பார்த்தல்'னே தலைப்பு வச்சு ஒரு புத்தகம் போட்டார். அவரும் முன்னாடி துப்பாக்கி தூக்கினவர்தான், அப்புறம் அதைக் கீழ வச்சிட்டுக் கண்ணால மட்டும் பாக்கணும்னு பிரசாரம் பண்ணினார்.

இதோட பலன் 1912 வசந்தத்துல தெரிஞ்சது. ஜூலியன் ஹக்ஸ்லி ட்ரிங் நீர்த்தேக்கத்துக் கரையில தொலைநோக்கியோட உக்காந்து, அதே கொண்டை முக்குளிப்பான் ஜோடி தலையைத் தலையை ஆட்டறதையும், வாயில பாசியை வச்சுக்கிட்டு தண்ணி மேல நெஞ்சோட நெஞ்சு நிமிர்ந்து நிக்கறதையும் பாத்து எழுதினார். 1914ல வந்த அந்தக் கட்டுரை விலங்கு நடத்தை ஆராய்ச்சிக்கே ஒரு மைல்கல். துப்பாக்கியோட போயிருந்தா அந்த நடனத்தைப் பாத்திருக்கவே முடியாது. 1931ல ஆயிரத்துக்கும் மேல சாதாரண ஜனங்க குளம் குளமா நடந்து அந்தப் பறவையை எண்ணினாங்க. தன்னார்வலர் கணக்கெடுப்புக்கு அது ஒரு முன்னோடி. பறவை மீண்டு வந்திருந்தது.

நடக்கறதுக்கே ஒரு சண்டை

பாக்கணும்னா முதல்ல நடக்கணும், நடக்க விடணுமே? பொது மேய்ச்சல் நிலமெல்லாம் வேலி போட்டுத் தனியார் கைக்குப் போனதும் மலைக்காடுங்க எல்லாம் ஜமீன்தாருங்க கௌதாரி மாதிரி க்ரௌஸ் பறவை சுடற இடமா ஆயிடுச்சு. ஆலையில வாரம் முழுக்க உழைக்கற தொழிலாளி ஞாயித்துக்கிழமை மலை ஏறினா காவல்காரன் தடியோட வருவான். 1932 ஏப்ரல் 24ந் தேதி மான்செஸ்டர், ஷெஃபீல்ட் பக்கத்து இளைஞர்கள் சில நூறு பேர் டார்பிஷையர்ல கிண்டர் ஸ்கௌட் மலையில வேணும்னே அத்துமீறி ஏறினாங்க. காவல்காரங்களோட கைகலப்பு. அஞ்சு பேருக்கு ரெண்டுலேர்ந்து ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். முன்னின்ன பென்னி ராத்மனுக்கு நாலு மாசம்.

அது வீண் போகல. 1949ல தேசியப் பூங்காச் சட்டம், 2000ல கிராமப்புற வழியுரிமைச் சட்டம். இன்னிக்கு இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் பட்டா நிலத்துக்கு நடுவுலயே சட்டப்படி யாரும் நடக்கக்கூடிய பாதைகள் இரண்டு லட்சம் கிலோமீட்டருக்கு மேல இருக்கு. மார்ச் மாசம் அந்தப் பாதையில போறவன் வயக்காட்டுல ரெண்டு முயல் பின்னங்காலுல நின்னு குத்துச்சண்டை போடறதைப் பாக்கலாம். ரொம்ப நாளா அதை ஆணுக்கும் ஆணுக்கும் நடக்கற சண்டைன்னு நினைச்சாங்க. 1980கள்ல உக்காந்து கவனிச்சுப் பாத்ததும் தெரிஞ்சது, பெரும்பாலும் தொந்தரவு பண்ற ஆணைப் பெண் முயல் விடற அறைதான் அது :)

நோட்டு சொல்ற சேதி

இனிமேதான் விஷயம். மார்ஷம் குடும்பத்து நோட்டை 1990கள்ல டிம் ஸ்பார்க்ஸ் மாதிரி ஆராய்ச்சியாளர்கள் தூசி தட்டி எடுத்தாங்க. குளிர்காலமும் வசந்தமும் எவ்வளவு சூடா இருக்கோ அவ்வளவு சீக்கிரம் இலை விடுதுங்கறது அந்தத் தேதிகள்ல பச்சையா தெரிஞ்சது. 1998ல நாடு முழுக்க ஜனங்களைத் திரும்ப எழுதச் சொன்னாங்க. இன்னிக்கு அதை வுட்லேண்ட் டிரஸ்ட் அமைப்பு நடத்துது. பழைய நோட்டு, புது நோட்டு எல்லாம் சேர்த்து நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட முதல் பூ தேதிகளை 2022ல கேம்பிரிட்ஜ் ஆளுங்க அலசினாங்க. 406 வகைச் செடிகள். 1987க்கு அப்புறம் சராசரியா ஒரு மாசம் முன்னாடியே பூக்குது. ஒரு மாசம்!

பூ சீக்கிரம் பூத்தா நல்லதுதானேன்னு தோணும். ஆனா சங்கிலி மாதிரி ஒண்ணோட ஒண்ணு கோத்திருக்கே. ஓக் தளிர் விட்டாதான் அதைத் தின்ன கம்பளிப்புழு. புழு இருந்தாதான் சிட்டுக் குஞ்சுக்குச் சாப்பாடு. ஆக்ஸ்ஃபோர்ட் பக்கம் வைத்தம் காட்டுல 1947லேர்ந்து பட்டாணிக்குருவி கூடுகளை வருஷா வருஷம் எண்ணறாங்க. அந்தக் குருவி உள்ளூர்லயே இருக்கறதால, முட்டையிடற நாளை ரெண்டு வாரத்துக்கும் மேல முன்னாடி தள்ளி, புழுவோட கிட்டத்தட்ட ஒத்துப் போயிடுச்சு. ஆப்பிரிக்காவுல இருக்கற பறவைக்கு இங்கிலாந்துல ஓக் தளிர் விட்டது எப்படித் தெரியும்? அதுக்கு யார் தந்தி அடிக்கறது?

குக்கூவை எடுத்துக்கோங்க. 2011லேர்ந்து அதுங்க முதுகுல செயற்கைக்கோள் கருவி மாட்டி அனுப்பறாங்க. குளிர்காலத்தைக் காங்கோ காட்டுல கழிக்குதுன்னு இப்பத் தெரியும். வைட்டுக்குத் தெரியாதது நமக்குத் தெரியுது. ஆனா வைட்டுக்குக் கேட்டது நமக்குக் கேக்க மாட்டேங்குது. 1980களோட ஒப்பிட்டா பிரிட்டன்ல குக்கூ பாதிக்கும் கீழ குறைஞ்சாச்சு. நைட்டிங்கேல் நிலைமை இன்னும் மோசம். காரணம் ஒண்ணு ரெண்டு இல்ல: புழு பூச்சி குறைஞ்சது, புதர்க்காடு போனது, போற வழியில வறட்சி. மார்ஷமோட 27 அறிகுறிகள்ல சிலது தேதி மாறுது, சிலது வரவே மாட்டேங்குது. தேதி மாறினா நோட்டுல எழுதலாம். வராததுக்கு எந்தத் தேதியைப் போடறது?

இதெல்லாம் தெரிய வந்தது பெரிய மெஷின் வச்சு இல்ல. குளிர்ல நடந்து போய் 'இன்னிக்குத் தவளை கத்திச்சு'ன்னு எழுதின ஒரு கிழவனாரால. அவர் எழுதும்போது பருவநிலை மாற்றம்னு ஒரு வார்த்தையே கிடையாது. பிடிச்சிருந்தது, எழுதினார். என்ன கேள்விக்கு அது பதிலாகும்னு தெரியாமலே இருநூத்தம்பது வருஷத்துக்குச் சாட்சி சேர்த்து வச்சிட்டுப் போயிட்டார்.

நம்ம நாட்டுலயும் 2007ல மைக்ரன்ட்வாட்ச்னு ஒண்ணு ஆரம்பிச்சு, வலசை வர்ற பறவைங்க முதல்ல கண்ணுல பட்ட தேதியை ஜனங்ககிட்டேர்ந்து வாங்கினாங்க. தகைவிலான் நமக்கும் விருந்தாளிதான், இங்க அது குளிர்காலத்துக்கு வரும். ஐப்பசி வாக்குல வயக்காட்டு கரண்ட் கம்பியில வரிசையா உக்காந்திருக்குமே, அதேதான். இங்கிலாந்துக்குப் போறது ஆப்பிரிக்காவுலேர்ந்து, நமக்கு வர்றது வடக்கு ஆசியாவுலேர்ந்து.

உங்க தெரு வேம்பு இந்த வருஷம் என்னிக்குப் பூத்தது? கொன்றை சித்திரைக்குக் காத்திருந்ததா, மாசியிலயே முந்திரிக்கொட்டையா பூத்துடுச்சா? கம்பியில முதல் தகைவிலான் என்னிக்கு வந்தது? ஞாபகம் இருந்தா தேதியோட சொல்லிட்டுப் போங்க. இல்லேன்னா, பால் கணக்கு நோட்டோட கடைசிப் பக்கம் எப்படியும் காலியாத்தான் இருக்கும்.